எதிர்த்தவர்கள் பத்தொன்பது பேர்

மகனே,

நீ சுகமா என்று கேட்டு எழுதினால் ஊர் சிரிக்கும். பக்கத்து அறையில்தான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். இதுவரை மூன்று முறை தும்மியாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயே எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்று, உன் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதும் இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து வந்து நேரில் சொல்லலாம்தான். சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு முறை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய். இருபத்தாறு வருடம் ஊராட்சிச் செயலராக இருந்து, ஊரார் பேசியதை எல்லாம் நோட்டில் எழுதிய கை இது. பேச்சில் வக்கீலிடம் தோற்றாலும் எழுத்தில் தோற்க மாட்டேன். எழுதி முடித்ததும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே ஒரு நாளாவது உருப்படியாக ஒன்று வரட்டும். இதில் என் தப்பும் இருக்கிறது, அதை மேலே இருப்பவர்கள் படித்துவிட்டால் என்ன செய்வது என்று நீ பயப்படுவாய். ஓய்வுபெற எனக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. கேட்டால் கேட்கட்டும்.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கவலையால் இல்லை, சந்தோஷத்தால்! என் மகன் தேர்தல் பார்வையாளன்! ஒன்பதாம் வகுப்பில் வகுப்புத் தலைவன் தேர்தலில் நின்று ஏழே ஓட்டு வாங்கி, அதில் ஒன்று நீயே போட்டது என்று அழுதுகொண்டு வந்தவன், இப்போது கடல் கடந்து போய் ஒரு நாட்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போகிறான். செங்கல்பட்டு கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருந்த பையனுக்கு இப்படி ஒரு யோகம் வரும் என்று யார் நினைத்தார்கள்? மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "எந்த நாடு?" என்று அவர் கேட்டார். அதுதான் சொல்லக்கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாயே, வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய முதல் ரகசியம் இது.

குழுவில் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். அது ஒரு தீவு. பார்வையாளர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வரும்வரை அதன் பெயரை எழுத வேண்டாம் என்பது அந்தத் தீவுக்காரர்களே கேட்டுக்கொண்டது. அது ஒரு பெரிய நாட்டின் கீழே இருக்கிறது. ஆனால் தனக்கென்று ஒரு சட்டசபை, தனக்கென்று கோர்ட்டு, நம் ஊராட்சி மாதிரி சின்னச் சின்ன ஊர் மன்றங்கள் என்று எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெரிய நாடே ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. எழுதிக் கொடுத்ததை இப்போது ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தேர்தலில் யார் நிற்கலாம் என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்கிறார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் சிலர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தீவுக்காரர்கள் தனிநாடு கேட்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள், எங்கள் ஊரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். இதை நீ எனக்கு விளக்கிச் சொன்னபோது, நான் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருடமாக ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கா புரியாது? அதிகாரம் தருவதாகப் பேப்பரில் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தீவில் ஒரு சின்ன மீனவ ஊரின் மன்றத் தலைவி ஒரு அம்மாள். அதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவராம். அவர்தான் ஒரு யோசனை சொன்னவர். பெரிய நாடுகளின் பிரதமர்களுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, இனி உலகத்தில் இருக்கிற சின்ன ஊர் மன்றங்களுக்கு எழுதுவோம். எங்கள் ஊர் மன்றம் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், தேர்தலுக்கு முன்னால் அதை எங்கள் மக்கள் முன்னால் படிக்கிறோம். இதுதான் அவர் கேட்டது. பார்வையாளர் பயிற்சியில் அந்த அம்மாளோடு பேசிவிட்டு, நீ நேரே அடுப்படிக்கு வந்து, "ம்மா, நம்ம கிராம சபைல ஒரு லெட்டர் போட்லாமா?" என்று கேட்டாய். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "போட்டா போச்சு" என்றேன். எனக்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை.

பெரிய வேலையாகத் தெரியாததுதான் என் தப்பு. மே தினத்தன்று கிராம சபை. நூறு பேர் இருந்தால்தான் நம் ஊருக்குச் சபை செல்லும். நூறு பேர் என்றைக்குத் தானாக வந்திருக்கிறார்கள்? அதனால் நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். இரண்டு நாள் முன்னதாகவே தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் மேலே தேதியை மட்டும் எழுதி, கீழே வரிசையாகக் கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள், போட்டார்கள், மண்வெட்டியை எடுத்தார்கள். மேலே காலியாக விட்ட இடத்தில் வீட்டுக்கு வந்து நானே அழகாக எழுதினேன். சுயாட்சி, மக்களாட்சி, சுதந்திரம் என்று நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு, கடைசியில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று முடித்தேன். எழுத்து முத்து முத்தாக வந்திருந்தது. அதை உன்னிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று நானே புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். பார், எவ்வளவு தைரியம்!

நீ படித்தாய். படித்து முடித்துவிட்டுத் தேதியைப் பார்த்தாய். "ம்மா, சபை நாளான்னிக்குத்தான? இதுல எல்லாரும் வந்து கையெழுத்து போட்டுட்டு பூட்டாங்களே?" என்று கேட்டாய். முதலில் சிரிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. "இன்னாம்மா இது? அங்க அவங்க எதுக்கு அடி வாங்கினு கீறாங்க தெரியுமா? காலி பேப்பர்ல கையெழுத்து வாங்கி, எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு எழுதிக்கிறான்ல, அதுக்குத்தான். அதே வேலைய செஞ்சு அவங்களுக்கே ஆதரவுன்னு அனுப்பப் போறியா நீ?" என்று கத்தினாய். எனக்கு வந்ததே கோபம்! "இதே கையெழுத்துலதான்டா உன் தெருவுக்கு லைட்டு வந்திச்சு, உன் இஸ்கூலுக்கு காம்பவுண்டு வந்திச்சு. நாலு எய்த்து படிச்சுட்டா அம்மாவுக்கே சட்டம் சொல்லுவியா?" என்று நானும் கத்தினேன். நீ புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வெளியே போய்விட்டாய். ஊருக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். மகனிடம் மாட்டுவதைவிடத் தணிக்கைக்கு வருபவர்களிடம் மாட்டலாம், அவர்களாவது டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது நம் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. அதை எங்கே கட்டுவது என்று சபையில் பேச்சு வந்தது. கோயில் பக்கம் கட்டுவது என்று பெரியவர்கள் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரே ஒருவன் எழுந்து நின்றான், உன் மாமா ஏழுமலை, என் கூடப்பிறந்த தம்பி. நம் காலனி பள்ளத்தில் இருக்கிறது, கடைசித் தெருவரைக்கும் தண்ணீர் வர வேண்டுமானால் தொட்டியைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் கட்ட வேண்டும், நான் இதை எதிர்க்கிறேன் என்று சட்டை வேர்வையில் நனைய நனையப் பேசினான். நம் தெருவிலிருந்து சபையில் ஒருவன் எழுந்து பேசியதே அதுதான் முதல் தடவை. நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "ஏகமனதாக." எனக்கு வேலை புதிது, நம் தெருவிலிருந்து வந்த முதல் செயலர், பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அவன் அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டான். "யக்கா, நான் எய்ந்து நின்னு பேசுனது இதுல இல்லியே. அப்ப நான் அன்னிக்கு வர்லியா?" அதன்பிறகு எத்தனையோ வருடம் நம் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்கள். நீயும் டியூஷன் போவதற்கு முன்னால் இரண்டு குடம் தூக்கியிருக்கிறாய். உன் தோளில் குடம் அழுத்திய சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஞாபகம் வரும். அது என் கையெழுத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் மறுநாள் காலையில் உன்னை எழுப்பிப் புத்தகத்தை நீட்டினேன். பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறது, கிழிக்க முடியாது. சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, "கூட்டம் நடைபெறும் முன் எழுதப்பட்டதால் ரத்து" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். நீ அதைப் பார்த்தாய். எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாய், சர்க்கரையில்லாமல். மன்னிப்பா தண்டனையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நூறு பேர் வராவிட்டால் சபை இல்லை, சபை இல்லாவிட்டால் கடிதம் இல்லை. அடுத்த சபை ஆகஸ்டில்தான். அதற்குள் தீவில் தேர்தலே முடிந்துவிடும்.

மே தினத்தன்று பள்ளிக்கூடத்து ஷாமியானாவில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தேன். தலைவர் வந்தார். வட்டார அலுவலகத்திலிருந்து சபையைக் கவனிக்க வந்த பெண் அதிகாரி வந்தார். பத்தே முக்காலுக்கு முப்பத்தெட்டுப் பேர். மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து வந்ததும் அறுபத்தொன்று. நீ ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கடித விஷயத்தைத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாய். எண்பத்துநான்கு! அதோடு நின்றுவிட்டது. பதினொன்றரைக்கும் எண்பத்துநான்கு, பதினொன்றே முக்காலுக்கும் எண்பத்துநான்கு. "ஏரிக்கரைலயே கையெழுத்து வாங்கி இருக்கலாம்ல" என்று தலைவர் என் காதோரம் சொன்னார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "வரட்டும்" என்றேன்.

அப்போதுதான் ஷேர் ஆட்டோ சத்தம் கேட்டது. உன் மாமா! உள்ளே பதினான்கு பேரை அடைத்துக்கொண்டு வந்து ஷாமியானா வாசலில் நிறுத்தி, "எறங்குங்கோ, எறங்குங்கோ" என்று கத்தினான். இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பினான், அடுத்த நடை போனான், இன்னும் பதினான்கு. நூற்றுப் பன்னிரண்டு! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. தம்பி அக்காவைக் காப்பாற்ற வந்துவிட்டான் என்று நினைத்து, ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். "இன்னாக்கா, கைய புட்ச்சுகினு? நான் உன் லெட்டர எதுக்க வந்துகீறேன். எதுக்கறதுக்கு ஆள் வோணும்ல, அதான் அயிச்சினு வந்தேன்" என்றான். அவன் ஆள் சேர்த்து வந்ததால்தான் சபையே கூடியது. இப்படி ஒரு கூத்தை நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு நடந்த பேச்சை நீயும்தான் கேட்டாய், ஆனாலும் எழுதுகிறேன், எழுத எழுத எனக்கு இனிக்கிறது. மற்ற விஷயமெல்லாம் முடிந்து "இதர பொருள்" என்று வந்ததும் நான் கடிதத்தைப் படித்தேன். அதிகாரி பதறிப்போய், "இது நம்ம அதிகாரத்துல வராதுங்களே" என்றார். தீர்மானம் என்று எழுத மாட்டோம், கூடியிருக்கும் மக்கள் எழுதும் கடிதம் என்று எழுதுகிறோம் என்றதும் உட்கார்ந்தார். உன் மாமா எழுந்தான். "கூர ஏறி கோயி புடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். நம்ம தெருவுல கால்வா அடச்சுகினு கீது. இங்க இருக்கற பேஜாரே தாங்கல, அந்த ஊரு பேஜாரு நமக்கு இன்னாத்துக்கு? இன்னொன்னு கேக்கறேன், நாளிக்கி எவனாவது வெளிநாட்டுல குந்திகினு நம்ம நாட்ட பத்தி லெட்டர் எய்துவான். அப்ப நீங்க கம்முனு இருப்பீங்களா?" என்று கேட்டான். கைதட்டல்! எனக்கே அவன் சொல்வது சரியாகப் பட்டது. உனக்கும் பட்டது, நீ தலையைச் சொறிந்தாய். பார்த்தேனே, வக்கீல் சார்!

பதில் சொன்னது மீன் கூடை அஞ்சலைதான். கூடையை இறக்காமலே நின்றுகொண்டு பேசினாள். "எந்த ஊருன்னு எனக்கு தெரியாது, தெரியவும் வாணாம். யாரோ பெரிய ஆளு கோயில பாக்க வரான்னு எங்க ஆம்பளைங்கள கடலுக்கு போவாதன்னு சொன்னாங்க. கடல் எங்களுது, பசி எங்களுது, எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா? இப்ப நம்ம ஊரயே பக்கத்து நகராட்சியோட சேக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. சேத்துட்டா இப்டி நின்னு கேக்கறதுக்கு இந்த சபையே கெடையாது. அன்னிக்கி நமக்கு யாரு லெட்டர் எய்துவாங்க? இன்னிக்கி நாம எய்தினாதான நாளிக்கி கேக்க மூஞ்சி இருக்கும்?" என்றாள். "நம்ம ஊர சேக்கறத நானும்தான் எதுக்கறேன்!" என்று உன் மாமா அங்கிருந்து கத்தினான். "அப்ப இதுக்கும் ஒத்துக்க." "அது வேற, இது வேற!" ஒரு மணி நேரம் போனது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்காகவே வருகிற ஊர், அன்றைக்கு உட்கார்ந்து சண்டை போட்டது.

ஓட்டெடுக்க நமக்குத் தெரியுமா என்ன? கையைத் தூக்கச் சொன்னால் பாதிப் பேர் இரண்டுக்கும் தூக்கினார்கள். கடைசியில் ஆதரிப்பவர்கள் கைப்பம்பு பக்கமும் எதிர்ப்பவர்கள் மேடைப் பக்கமும் போய் நில்லுங்கள் என்று நீதான் சொன்னாய். புருஷன் ஒரு பக்கமும் பெண்சாதி ஒரு பக்கமும் போனதைப் பார்த்துச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. உன் மாமா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவர்களிலேயே பாதிப் பேர் அஞ்சலை பின்னால் போய் நின்றுவிட்டார்கள். "துரோகிங்கோ! போவும்போது நடந்து போங்கோ!" என்று அவன் கத்தினான். எண்ணினோம். ஆதரவு எண்பத்தேழு. எதிர்ப்பு பத்தொன்பது. எந்தப் பக்கமும் போகாமல் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். நான் பேனாவைத் திறந்தேன். வழக்கமான அந்த வார்த்தை தானாகவே கைக்கு வந்துவிட்டது, "ஏ" என்று எழுதியே விட்டேன். அதை அடித்தேன். அடித்துவிட்டு, எதிர்த்தவர்கள் பத்தொன்பது பேர் என்று எழுதி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பெயர் கேட்டு எழுதினேன். முதல் பெயர் ஏழுமலை. அவர் சொன்ன காரணங்கள் என்று அவன் பேசியதையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். அவன் பக்கத்தில் வந்து நின்று, எட்டிப் பார்த்து, தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தான். "ஒயுங்கா எய்திகீறியா? கால்வா அடைப்பையும் சேத்துக்க" என்றான். எனக்குத்தான் எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

அந்தப் பக்கத்தை நீ அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினாய். எதிர்த்தவர்கள் பட்டியலை விட்டுவிடலாமா, ஆதரவுக் கடிதத்தில் அது அசிங்கமாக இருக்குமே என்று நான் உன்னிடம் கேட்டேன். கேட்டது தப்புதான், பழக்கம் லேசில் போகிறதா? நீ முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காததற்கு ஒரு காரணம். ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்தோம். உன் போன் அடித்தது, வீடியோவில் அந்தத் தீவு அம்மாள். நம்மைப் போலத்தான் இருக்கிறார், கறுப்பு, குட்டை, கண்ணாடி. உலகம் முழுக்க இருந்து கடிதங்கள் வந்தனவாம், தடித்த காகிதத்தில், பொன் முத்திரை வைத்து, எல்லாம் ஒருமனதாக. "ஒருமனதாக என்ற வார்த்தையை எங்களுக்குத் தினமும் மேலிருந்து அனுப்புகிறார்கள், எங்கள் மக்களுக்கு அதைக் கேட்டாலே பயம்" என்று அவர் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். நம் கடிதத்தை மன்றத்தில் படித்தார்களாம். எதிர்த்தவர்கள் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார்களாம். நம் ஊர்ப் பெயர்களை அவர்கள் வாயில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் ஏதோ கேட்டார். உன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னாடா கேக்கறாங்க?" என்றேன். "அந்த பத்தொம்பது பேரும் இப்ப எங்க கீறாங்கன்னு கேக்கறாங்கம்மா. நல்லா இருக்காங்களா, வூட்லதான் இருக்காங்களான்னு கேக்கறாங்க" என்றாய்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் ஊரில் எதிர்த்தவர்கள் வீட்டில் இருப்பதில்லையே. நான் உன் கையிலிருந்த போனை வாங்கித் திருப்பினேன். பின்னால் பெஞ்சில் உன் மாமா டீயில் வடையை நனைத்துத் தின்றுகொண்டு, யாரிடமோ கால்வாய் அடைப்பைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். "தோ, மொத பேரு" என்று காட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் குனிந்தான். "வணக்கம்மா. நான் இப்பவும் எதிர்ப்புதான். அது வேற. நீ பயப்படாத, நல்லா இரு. நாஸ்தா துன்னியா?" என்றான். நீ அதை மொழிபெயர்த்தாய். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தப் பக்கம் அவர் அழுகிறார், இந்தப் பக்கம் நான் அழுகிறேன், நடுவில் உன் மாமா, "இன்னா கேட்டுட்டேன் இப்ப?" என்று விழிக்கிறான்.

நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாளும் உனக்குச் சொல்லித்தராததை இந்த வயதில் உன்னிடமிருந்தே கற்றுக்கொண்டேன். அதனால் புத்தி சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் அம்மா அல்லவா, சொல்லாமல் அனுப்ப முடியாது. பெட்டியில் கருவாடு வைக்காதே, விமான நிலையத்தில் மானம் போகும். யார் வீட்டில் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, அதை அன்றைக்கே எழுது. நம்முடைய ஆட்கள், நல்லவர்கள் என்று நினைப்பவர்களே தப்பாக ஏதாவது செய்தாலும், என்னிடம் கத்தினாயே, அப்படியே அங்கேயும் கத்து. அன்றைக்கு நீ கத்தியிருக்காவிட்டால் உன் மாமா இந்த ஊரில் இன்னொரு முறை வராதவன் ஆகியிருப்பான்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் ஜெயித்தவர்கள் மாலையோடு ஊர்வலம் போவார்கள், எல்லோரும் அவர்கள் பின்னால் போவார்கள். நீ போகாதே. இருந்து, மறுநாள் காலையில் எழுந்து, தோற்றவர்கள் எந்தக் கடையில் டீ குடிக்கிறார்கள் என்று தேடிப் போ. அவர்கள் அங்கே உட்கார்ந்து சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தால், உன் மாமா கேட்டதாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லு. அவர்கள் அங்கே இல்லையென்றால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள். ஒரு பெயரும் விட்டுப்போகக்கூடாது.

உன் அம்மா